பரிசுக்காகப் படித்தால் அது படிப்பா?



ஆண்டு நடுப் பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் ஊர் நூலகங்களுக்குப் புதுக்களை வந்துவிடுகிறது. வாசலில் வண்ணப் பதாகை. உள்ளே கதை சொல்லும் நேரம், வண்ணம் தீட்டும் போட்டி, புதையல் வேட்டை, கைவினைப் பட்டறை. சுவரில் விடுமுறையில் படிக்க வேண்டிய புத்தகங்களின் பட்டியல் ஒன்று. கூடவே ஓர் அட்டையும் இருக்கும். பத்துப் புத்தகம் படித்தால் ஒரு முத்திரை, இருபது படித்தால் ஒரு பை, ஐம்பது படித்தால் மேடையேறி ஒரு பதக்கம்.

கோலாலம்பூர், பினாங்கு, பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர், எங்கே போனாலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். கோடைக்காலம் என்று தனிப் பருவம் உள்ள அமெரிக்காவில் பொது நூலகங்கள் 1890களிலேயே இப்படிப்பட்ட விடுமுறை வாசிப்புத் திட்டங்களைத் தொடங்கிவிட்டன. நமக்கு ஆண்டு முழுக்க வெயிலும் மழையும்தான். ஆனாலும் விடுமுறை வந்தால் பிள்ளையை நூலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் நமக்கும் உண்டு. நம் இளைஞர் இயக்கங்களும் விடுமுறை முகாம்களில் ஒரு நாளை நூலகத்துக்கு ஒதுக்குகின்றன.

அப்படி ஒரு முகாமுக்குக் கூட்டம் போட்டுப் பேசினால் கட்டாயம் ஒரு வாக்குவாதம் வரும்.

“அண்ணே, பரிசு இல்லன்னா ஒரு பிள்ளையும் வராது. கைப்பேசிய கீழ வைக்க ஏதாச்சும் காட்டணும்ல?”

“தம்பி, பரிசுக்குப் படிக்கிறது படிப்பா? நாளைக்குப் பரிசு இல்லன்னா புத்தகத்தையும் தூக்கிப் போட்டுருவான்.”

இரண்டு பேரும் நல்ல எண்ணத்தோடுதான் பேசுகிறார்கள். ஆனால் ஒரு நல்ல செயலைச் செய்ய வைக்க ஆசை காட்டலாமா என்பது பரிசுப் பொருளுக்கு எவ்வளவு செலவழிப்பது என்ற கணக்கோடு முடிந்துவிடும் கேள்வி இல்லை. இது அறம் சார்ந்த கேள்வி. கொஞ்சம் பொறுமையாக யோசித்துப் பார்ப்போம்.

பலனைக் காட்டுவது தவறா?

நம் கூட்டங்களில் இந்தப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் கீதையை எடுத்துவிடுவார். கடமையைச் செய், பலனை எதிர்பார்க்காதே என்றுதானே கண்ணன் சொன்னார், பிறகு எதற்குப் பிள்ளைகளுக்குப் பதக்கம் என்பார்.

கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த உபதேசம் யாருக்குச் சொல்லப்பட்டது? வில்வித்தையில் தேர்ந்து, வாழ்க்கையைப் பார்த்து, போர்க்களத்தின் நடுவில் நின்ற அர்ச்சுனனுக்கு. எழுத்துக் கூட்டிப் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவனிடம் முதல் நாளே அந்தப் பக்குவத்தைக் கேட்பது நியாயமா?

நம் மரபும் அப்படிக் கேட்டதில்லை. சம்பந்தர் பாடிய பதிகங்களின் கடைசிப் பாட்டைத் திருக்கடைக்காப்பு என்கிறோம். இந்தப் பதிகத்தைப் பாடுகிறவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று அங்கே சொல்லப்பட்டிருக்கும். வடமொழித் தோத்திரங்களிலும் கடைசியில் பலன் சொல்லும் பகுதி உண்டு. பெரியவர்களுக்கு மனித மனம் தெரியும். எடுத்த எடுப்பில் யாரும் பலனை விட்டுவிட மாட்டார்கள் என்பதும் தெரியும். அதனால் பலனைச் சொல்லி அழைத்தார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பாட்டுக்குச் சொல்லப்பட்ட பலன் பாட்டிலிருந்தே வருகிற பலன். பாடினால் மனம் தெளியும், வினை தீரும் என்றார்கள். பத்துப் பாட்டுப் பாடினால் ஒரு பை கிடைக்கும் என்று சொல்லவில்லை. ஆகவே பலனைச் சொல்வது தவறில்லை. எந்தப் பலனைச் சொல்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பேனாவும் பதக்கமும்

அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டு மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாலர் பள்ளியில் வண்ணப் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவிடம், “படம் வரைந்தால் தங்க நட்சத்திரமும் சிவப்பு ரிப்பனும் போட்ட சான்றிதழ் தருவோம்” என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாவது குழுவுக்கு ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் சொல்லவில்லை, ஒன்றும் கொடுக்கவுமில்லை.

ஓரிரு வாரம் கழித்து அதே பேனாக்களை வகுப்பில் வைத்துவிட்டு, யார் தானாக எடுத்து வரைகிறார்கள் என்று மறைவாகப் பார்த்தார்கள். பரிசு தருவதாகச் சொல்லி வரைய வைத்த பிள்ளைகள், மற்ற இரு குழுவினரைவிட ஏறக்குறையப் பாதி நேரம்தான் பேனாவைத் தொட்டார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு ஆர்வம் குறையவே இல்லை.

பரிசு ஒன்றுதான். ஒரு குழுவுக்கு அது கூலியானது. இன்னொரு குழுவுக்கு அன்பளிப்பானது. கூலி என்று ஆனதும் பிள்ளையின் மனம் ஒரு கணக்குப் போடுகிறது. ‘இதைச் செய்யக் கூலி தருகிறார்கள் என்றால், இது சும்மா செய்யக்கூடிய சுகமான காரியம் இல்லை போலிருக்கிறது.’

இதைப் படித்துவிட்டு, “பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்” என்று அண்ணன் எழுந்துவிட வேண்டாம். தம்பியின் பக்கமும் ஓர் ஆய்வு இருக்கிறது. ரோலண்ட் ஃபிரையர் என்ற பொருளியல் அறிஞர் டல்லாஸ் நகரத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் படித்தால் இரண்டு டாலர் கொடுத்துப் பார்த்தார். படித்ததாகச் சொன்னால் போதாது, புத்தகத்தைப் பற்றிய சிறு வினாடி வினாவில் தேற வேண்டும். அந்தப் பிள்ளைகளின் வாசிப்புப் புரிதல் உயர்ந்தது. வேறு நகரங்களில் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பணம் கொடுத்தபோது அப்படிப் பலன் கிடைக்கவில்லை. 2011இல் வெளிவந்த அந்த முடிவை ஒதுக்கிவிட முடியாது.

இரண்டு ஆய்வுகளும் முரண்படுகின்றனவா? இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. முதல் ஆய்வில் இருந்தவர்கள் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகள். ஆசை இருக்கும் இடத்தில் கூலி புகுந்தால் ஆசை விலகுகிறது. புத்தகத்தையே தொடாத பிள்ளைக்கோ கெடுவதற்கு அங்கே ஆசை இல்லை. அவனை முதல் பக்கத்துக்குக் கொண்டு வர ஏதாவது ஒரு கை பிடித்து இழுக்கத்தான் வேண்டும்.

எண்ணிக்கை செய்யும் வேலை

படிக்கும் ஆர்வம் கூடுமா குறையுமா என்பது ஒரு கேள்வி. அதைவிடப் பெரியது, பிள்ளையின் நேர்மைக்கு என்ன ஆகிறது என்ற கேள்வி.

மலேசியாவில் படித்தவர்களுக்கு நிலாம் புத்தகம் நினைவிருக்கும். 1990களின் இறுதியில் வந்த வாசிப்புத் திட்டம் அது. படித்த புத்தகத்தின் தலைப்பு, எழுத்தாளர், பக்க எண்ணிக்கை, கதைச் சுருக்கம் எல்லாம் எழுதி ஆசிரியரிடம் காட்ட வேண்டும். நல்ல நோக்கம்தான். அதனால் வாசகர் ஆனவர்கள் நம்மிடையே நிறையப் பேர். ஆனால் ஒப்படைக்கும் நாளுக்கு முந்தின இரவு பல வீடுகளில் என்ன நடந்தது என்பதும் நமக்குத் தெரியும். பின்னட்டையில் இருக்கும் நாலு வரி அப்படியே கதைச் சுருக்கம் ஆகிவிடும். அக்காவின் பழைய புத்தகத்தைப் பார்த்துத் தம்பி எழுதுவான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, “சீக்கிரம் எழுதுடா, இன்னும் அஞ்சு இருக்கு” என்பார்.

எண்ணிக்கைக்குப் பரிசு என்று சொன்ன எல்லாத் திட்டத்திலும் இந்த ஓட்டை உண்டு. படிக்காத புத்தகத்தைப் படித்ததாக எழுதப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. பெரியவர்கள் தெரிந்தும் கையெழுத்துப் போடுகிறார்கள். நல்ல பழக்கத்தை வளர்க்கிறோம் என்று சொல்லிப் பொய்யைப் பழக்குகிறோம். பிள்ளை புத்தகத்தை மறந்தாலும், பொய் செல்லுபடியானதை மறப்பதில்லை.

இன்னொன்றும் நடக்கிறது. விடுமுறை முகாமில் பிள்ளைகளோடு நூலக அடுக்குகளுக்கு நடுவே நின்றவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள்: “அண்ணே, இந்தப் பெரிய புத்தகம் எடுத்தா ஒண்ணாதான் கணக்கா?” ஆமாம் என்றதும் அவன் அதை அடுக்கில் வைத்துவிட்டு, படம் போட்ட மெல்லிய புத்தகம் ஐந்தை அள்ளிக்கொண்டு போவான். அவன் மேல் தப்பில்லை. எண்ணிக்கைதான் வேண்டும் என்று சொன்னவர்கள் நாம்தானே.

மைக்கேல் சாண்டல் என்ற அரசியல் தத்துவ அறிஞர் 2012இல் எழுதிய நூலில் டல்லாஸ் நகரத்து இரண்டு டாலரை எடுத்துக்கொண்டு விவாதிக்கிறார். பணம் ஒரு செயலுக்குள் வரும்போது அந்தச் செயலைப் பற்றிய நம் மதிப்பையும் மாற்றிவிடலாம் என்பது அவருடைய கவலை. படிப்பதைச் சம்பளத்துக்குச் செய்யும் சிறு வேலையாகப் பிள்ளை நினைத்துவிட்டால், படிப்பினால் வரும் மகிழ்ச்சி அதற்குத் தெரியாமலே போய்விடும்.

யார் எப்போதும் ஜெயிக்கிறார்கள்?

நியாயம் என்ற கோணத்திலும் பார்க்க வேண்டும். ஐம்பது புத்தகம் படித்து மேடையேறும் பிள்ளை யார்? வீட்டில் புத்தக அலமாரி இருக்கும். வாரம் ஒருமுறை காரில் நூலகத்துக்குக் கொண்டு விட அப்பா இருப்பார். படித்துக் காட்ட அம்மாவுக்கு நேரம் இருக்கும். அந்தப் பிள்ளை உழைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேரும் வேலைக்குப் போய், இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் வீட்டில், அடுக்குமாடியின் பத்தாவது மாடியில் தங்கையைப் பார்த்துக்கொண்டு இருக்கும் பிள்ளைக்கு மூன்று புத்தகம் படிப்பதே மலை ஏறுவது போல. அந்த மூன்றுக்கு மேடையில் இடமில்லை.

இதில் விளையாட்டுப் போட்டியைப் போல ‘ஜெயிச்சவன் ஜெயிச்சான்’ என்று விட்டுவிட முடியாது. அட்லாண்டா நகரத்துப் பிள்ளைகளை ஆராய்ந்து பார்பரா ஹெய்ன்ஸ் என்ற சமூகவியல் அறிஞர் 1978இல் எழுதிய நூல் ஒன்று உண்டு. கோடை விடுமுறையில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட புத்தகங்களைப் படித்த பிள்ளைகளும், பொது நூலகத்தைப் பயன்படுத்திய பிள்ளைகளும் மற்றவர்களைவிட முன்னேறினார்கள் என்று அவர் காட்டினார். ஆறு புத்தகம், ஐம்பது அல்ல. அப்படியென்றால் நம் முகாம் யாருக்காக? ஐம்பதாவது புத்தகத்தை எட்டும் பிள்ளைக்குப் பதக்கம் போடவா, முதல் ஆறை இன்னும் எட்டாத பிள்ளையைக் கைபிடித்துக் கூட்டிப் போகவா?

சிங்கப்பூரில் 2004 முதல் நடக்கும் ‘கிட்ஸ்ரீட்’ திட்டம் இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பதில். வசதி குறைந்த குடும்பங்களின் சிறு பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து புத்தகம் படித்துக் காட்டுகிறார்கள். அங்கே பிள்ளைக்குக் கிடைக்கும் பெரிய பரிசு, தனக்காக ஒரு அண்ணனோ அக்காவோ வந்து உட்காருவதுதான்.

பிரசாதமும் கூலியும்

இப்போது கோயிலுக்கு வருவோம். ‘இவன் சுண்டலுக்காகத்தான் வர்றான்’ என்று பெரியவர்கள் சிரிப்பதைக் கேட்டிருக்கிறோம். தேவார வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் வகுப்பு முடிந்து கொடுக்கும் மைலோவுக்கும் பிஸ்கட்டுக்கும்தான் வருகிறார்கள். யாரும் அவர்களை விரட்டுவதில்லை. வந்து வந்து, காதில் விழுந்து விழுந்து, ஒரு நாள் அந்தப் பாட்டு அவர்கள் வாயில் தானாக வருகிறது.

ஆனால் பிரசாதம் எப்படிக் கொடுக்கப்படுகிறது என்று பாருங்கள். எத்தனை சுற்றுச் சுற்றினாய், எத்தனை பாட்டுப் பாடினாய் என்று கேட்டுக் கொடுப்பதில்லை. வந்த எல்லோருக்கும் உண்டு. நன்றாகப் பாடியவனுக்கு இரண்டு கரண்டி, பாடாதவனுக்கு அரைக் கரண்டி என்று இல்லை. சுவை இருக்கிறது, ஆசை இருக்கிறது, ஆனால் கணக்கு இல்லை. அதனால்தான் அது கூலி ஆகாமல் பிரசாதமாகவே இருக்கிறது.

பொது நூலகத்தின் அடித்தளமும் இப்படிப்பட்ட கொடைதான். 1953இல் ரப்பர் தொழிலதிபர் லீ கோங் சியான் சிங்கப்பூரில் புதிய பொது நூலகம் கட்ட 375,000 வெள்ளி கொடுக்க முன்வந்தார். இரண்டு நிபந்தனைகள் வைத்தார். நூலகம் இலவசமாக இருக்க வேண்டும். இந்த வட்டாரத்து மக்களின் தாய்மொழிகளிலும் புத்தகம் இருக்க வேண்டும். ஸ்டாம்ஃபர்ட் சாலையில் அந்தக் கட்டடம் 1960இல் திறக்கப்பட்டது. யார் எத்தனை படித்தார்கள் என்று கேட்டுவிட்டு அவர் கொடுக்கவில்லை. கதவு திறந்திருக்க வேண்டும், உள்ளே வருகிறவனுக்குத் தன் மொழி இருக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்.

நாம் எல்லோரும் அறிந்த பஞ்சதந்திரத்தின் தொடக்கக் கதையையும் நினைத்துப் பாருங்கள். படிப்பில் நாட்டமே இல்லாத மூன்று இளவரசர்கள். அவர்களுக்கு அறிவு புகட்டினால் ஊர்களை மானியமாகத் தருவதாக அரசர் சொல்கிறார். கல்வியை விற்க நான் வரவில்லை என்று மறுத்துவிட்டு, ஆறே மாதத்தில் கற்றுக் கொடுக்கிறேன் என்கிறார் விஷ்ணுசர்மா. இளவரசர்களுக்கும் அவர் பதக்கம் காட்டவில்லை. சிங்கமும் நரியும் காக்கையும் ஆமையும் பேசும் கதைகளைச் சொன்னார். ஒரு கதைக்குள் இன்னொரு கதை. அடுத்தது என்ன என்ற ஆவல்தான் அங்கே தூண்டில். அந்தத் தூண்டில் புத்தகத்துக்கு உள்ளேயே இருக்கிறது.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்?

பரிசே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூலியாக வேண்டாம், பிரசாதமாக இருக்கட்டும் என்கிறேன். இந்த விடுமுறைக்கு முகாம் நடத்தும் தம்பி தங்கைகளுக்குச் சில யோசனைகள்.

எண்ணிக்கைக்குப் பரிசு அறிவிக்காதீர்கள். வந்த எல்லாப் பிள்ளைக்கும், முன்கூட்டிச் சொல்லாமல், கடைசி நாளில் ஒன்று கொடுங்கள். அது புத்தகமாகவே இருந்தால் இன்னும் நல்லது. அந்தப் புத்தகத்தை அந்தப் பிள்ளையே தேர்ந்தெடுத்தால் அதைவிட நல்லது.

முதல் நாளே எல்லோருக்கும் நூலக உறுப்பினர் அட்டை எடுத்துக் கொடுங்கள். பெற்றோரின் அடையாள அட்டையும் கையெழுத்தும் வேண்டியிருந்தால் ஒரு வாரத்துக்கு முன்பே வாங்கி வையுங்கள். முகாம் முடிந்தாலும் அட்டை பிள்ளையின் பையில் இருக்கும்.

பரிந்துரைப் பட்டியலைக் கட்டளையாக்காதீர்கள். நூலகர்கள் அக்கறையோடு தயாரிக்கும் பட்டியல் ஒரு வழிகாட்டிப் பலகை. போக வேண்டிய ஊரைப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். பிரெஞ்சு எழுத்தாளர் டானியல் பெனாக் 1992இல் எழுதிய நூலில் வாசகனின் பத்து உரிமைகளைச் சொல்கிறார். பிடிக்காவிட்டால் பாதியில் விட்டுவிடும் உரிமையும் அதில் ஒன்று. நம் பிள்ளைகளுக்கும் அதைக் கொடுப்போம். டைனோசர் புத்தகமோ, கால்பந்து வீரர் வரலாறோ, சித்திரக் கதையோ, முகம் சுளிக்க வேண்டாம்.

கடினமான புத்தகமா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கட்டும். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அதைக் கூட உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். தமிழ்ப் புத்தகத்துக்கு இது முக்கியம். நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்கத்தான் தயக்கம். அடுக்கிலேயே தூங்கும் தமிழ்ப் புத்தகங்களுக்கு உங்கள் குரல் உயிர் கொடுக்கும். திருக்குறளில் கல்விக்கு ஓர் அதிகாரம் வைத்த வள்ளுவர், கேள்விக்கும் தனியாக ஓர் அதிகாரம் வைத்தார். காதால் கேட்பதும் படிப்புதான். அதனால் கதை சொல்லும் நேரத்தைச் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று தள்ளிவிடாதீர்கள்.

புத்தகத்தைப் பற்றிக் கேட்கும்போது, “எத்தனை படிச்ச?” என்று கேட்காமல், “எந்த இடம் பிடிச்சுச்சு? எங்க சிரிச்ச? யார் மேல கோபம் வந்துச்சு?” என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்குப் பின்னட்டையில் பதில் இருக்காது. பொய் சொல்ல வேண்டிய தேவையும் பிள்ளைக்கு இருக்காது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையை நூலகத்தில் இறக்கிவிட்டு, கீழே உணவுக்கடையில் உட்கார்ந்து திறன்பேசியைத் தடவிக்கொண்டிருந்தால், எந்தப் பதக்கமும் அதற்கு ஈடாகாது. நாம் படிப்பதைப் பார்க்காத பிள்ளையிடம் படிப்பு இனிக்கும் என்று சொன்னால் அது எப்படி நம்பும்?

பலனை விட்டுவிடும் பக்குவம் அறிவுரையால் வருவதில்லை. அதைவிட இனிப்பான ஒன்று கிடைத்தால் வரும். கதையில் மூழ்கிப் போன பிள்ளை அட்டையில் முத்திரை குத்த மறந்துவிடும். அந்த மறதி வரும்வரை அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் இந்த விடுமுறையில் நம்முடைய தொண்டு. சுண்டல் கொடுப்போம், தாராளமாகக் கொடுப்போம். கணக்கு மட்டும் பார்க்க வேண்டாம்.